நாற்பதுக்குப் பதினாறு

எங்கள் வீட்டில் சைக்கிள் என்றால் சைக்கிள், அவ்வளவுதான். கியர் வைத்த வண்டி தெருவில் போனால் மட்டும் ‘கியர் சைக்கிள்’ என்று ஒரு சொல் கூடச் சேரும். கியர் இல்லாததற்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று அம்பத்தூரில் யாருக்கும் தோன்றியதில்லை. அதனால், 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்காமிலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டு, “பழைய ரேஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கியிருக்கேன்ப்பா, பத்து கியர். எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே கியரா மாத்தப்போறேன்” என்று சொன்னபோது, மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. காலிங் கார்டின் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன.

“ஏன் பாப்பா, காசு குடுத்துக் கியர் சைக்கிள் வாங்கி, அதை நம்ம வண்டி மாதிரி ஆக்கப்போறியா?”

“சிங்கிள் ஸ்பீடுன்னு சொல்வாங்கப்பா.”

“அதாம்மா. சைக்கிள்.”

கிண்டல் செய்யவில்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. 1967-ல் சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து 2002-ல் ஓய்வு பெறும்வரை சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தவர் அவர். போக்ஸ் கம்பி கோத்து வரும் சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றிவிடுவார். ரிம் எந்த இடத்தில் இடப்பக்கம் ஒதுங்குகிறது, எங்கே வலப்பக்கம் சாய்கிறது என்று கண்ணாலேயே பிடித்து, நிப்பிள் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று திருகுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்கள் வளைந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். டார்ச் பிடிப்பது என் வேலை. எட்டாவது படிக்கும்போது ஒருமுறை, நானும் திருகிப் பார்க்கிறேன் என்று சாவியைக் கேட்டேன். “கை அழுக்காயிடும், போய்ப் படி” என்றார். அண்ணனுக்கும் அதே பதில்தான் கிடைத்தது என்பதால் அதைப் பெரிய குறையாக மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

நாட்டிங்காமுக்கு நான் போனது ஆராய்ச்சிப் படிப்புக்கு. பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் 1999-ல் திறக்கப்பட்டது. ஏரி, வாத்துகள், மரப்பலகை போர்த்திய கட்டடங்கள் என்று பார்க்கப் பாந்தமாக இருக்கும். அது நிற்பது ராலி சைக்கிள் தொழிற்சாலை நின்ற மண் என்பது போய்ச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். 1880-களின் நடுவில் ராலி தெருவில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கி, ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய சைக்கிள் தொழிற்சாலைகளில் ஒன்றாக வளர்ந்தது. எழுத்தாளர் ஆலன் சிலிட்டோ பதினாலு வயதில் பள்ளியை விட்டு இங்கேதான் வேலைக்கு வந்தார். அவருடைய முதல் நாவலின் நாயகனும் சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன்தான். 2002-ல் நாட்டிங்காமில் சைக்கிள் செய்வதே நின்றுபோனது. அப்பா வேலையிலிருந்து இறங்கியதும் அதே வருஷம்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அவர் வேறொன்று சொன்னார். 1949-ல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்துதான் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளுக்குத் தொழிற்சாலை போட்டார்கள். அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960-ல் ராலியை வாங்கி, 1987 வரை கையில் வைத்திருந்தது. ஆக, அப்பாவின் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல், அம்பத்தூரும் நாட்டிங்காமும் ஒரு கணக்கில் பங்காளி வீடுகள்.

வண்டி கிடைத்தது பக்கத்து வீட்டுப் பெரியவரிடமிருந்து. ராலியில் முப்பது வருஷம் ஃபிரேம் குழாய்களைப் பித்தளை உருக்கிப் பற்றவைத்தவர். அவருடைய தோட்டத்துக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால், வெங்காயத் தோல் நிறத்தில் அது சாய்ந்து கிடந்தது. எழுபதுகளில் செய்த ராலி. கீழே வளைந்த ஹேண்டில்பார், முன்னால் 52 பல்லும் 40 பல்லுமாக இரண்டு செயின்வீல்கள், பின்னால் ஐந்து பல்சக்கரங்கள் கொண்ட பிரீவீல். விலை 25 பவுண்டு. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்ட வைக்கும் பின்பக்க டீரெய்லர் மட்டும் துருவேறி, கை வளைந்து, பொம்மைக் கொக்கு மாதிரி ஒரே நிலையில் நின்றுவிட்டிருந்தது.

எல்லாவற்றையும் கழற்ற ஏன் துணிந்தேன் என்று இப்போது யோசித்தால் இரண்டு காரணம். புதிய டீரெய்லருக்கும் வயருக்கும் செலவழிக்க உதவித்தொகையில் மிச்சம் இல்லை என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். மற்றது, அந்த வருஷங்களில் இங்கிலாந்தில் அது ஒரு மோஸ்தர். பழைய ரேஸ் சைக்கிளைப் பிடித்து, கியரை உரித்து, ஒல்லியாக்கி ஓட்டுகிறவர்கள் வளாகம் முழுக்க இருந்தார்கள். என் ஆராய்ச்சிக்கூடத்திலேயே மூன்று பேர். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

டீரெய்லர் நின்றுபோன நிலையிலேயே முதலில் இரண்டு வாரம் ஓட்டினேன். செயின் முன்னால் 40-லும் பின்னால் 17-லும் சிக்கியிருந்தது. நான் குடியிருந்த லென்டனிலிருந்து வளாகம், வளாகத்திலிருந்து சந்தை, கால்வாய்க் கரையோரமாக பீஸ்டன் வரை. ஏதோ குறைகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்தால் மட்டும் கால் வெறுமனே சுற்றியது. பத்து கியர் என்பதும் பேச்சுக்குத்தான் பத்து. பெரிய செயின்வீலிலிருந்து பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கும், சின்னதிலிருந்து சின்னதுக்கும் செயினைப் போட்டால் அது குறுக்காக இழுத்துக்கொண்டு கரகரக்கும். அந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை. மிச்சத்திலும் பாதி ஒன்றுக்கொன்று அடுத்தடுத்த அளவு. இதைச் சொல்லி டீரெய்லரைக் குறை சொல்லவில்லை. மலையேறுகிறவனுக்கு அது உயிர். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சுக்கு அதைக் கண்டாலே ஆகாது. 1937 வரை பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். விறைத்த விரல்களோடு சக்கரம் கழற்றியவர்களின் பேரன்கள், மெனக்கெட்டு டீரெய்லரைக் கழற்றி எறிவதைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ.

17 கொஞ்சம் லேசு என்றால் 16. அப்படித்தான் முடிவுக்கு வந்தேன். முன்னால் 40, பின்னால் 16. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் இரண்டரைச் சுற்று. இதை ஆங்கிலேயர்கள் அங்குலத்தில் சொல்வார்கள். இரண்டரையைச் சக்கரத்தின் விட்டமான 27-ஆல் பெருக்கினால் 67.5. முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டளவு என்றிருந்த அந்தக் காலத்து உயரச் சக்கர வண்டியில் மிதி நேராக முன்சக்கரத்தில்தான் இருக்கும். உன் கியர் அப்படிப்பட்ட எத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமம் என்பதுதான் இந்த எண். நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்னால் வழக்கொழிந்த வண்டியை வைத்து இன்றும் கணக்குப் போடுகிறார்கள். நாம் பைக்கை ‘குதிரைத்திறன்’ வைத்து அளப்பதுபோலத்தான்.

பழைய பிரீவீலைக் கழற்றுவதிலேயே முதல் சனிக்கிழமை போயிற்று. பிரீவீல் ஹப்பின் மரையில் திருகி உட்காருவது. நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கும். முப்பது வருஷ மிதியை ஒரே மாலையில் அவிழ்க்க வேண்டும். ஊரில் யாரும் போய் வேலை செய்யக்கூடிய ஒரு பொதுப் பட்டறை இருந்தது. அதன் பெஞ்ச் வைஸில் கழற்றும் கருவியைப் பூட்டி, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பிடித்து லாரி ஸ்டீயரிங் மாதிரி திருப்பினேன். அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொண்டு திருப்பினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கம்பிதான் ஒடிந்துவிட்டது என்று பயந்து கையை எடுத்தேன். மரை விட்டிருந்தது.

அடுத்தது காட்டர் பின். மிதிக்கட்டையின் கிராங்கை ஆக்சிலோடு பூட்டி வைக்கும் அந்த ஒருபக்கம் சாய்ந்த ஆப்பு நம் ஊர் வண்டிகளில் எல்லாம் உண்டு. பட்டறையில் இருந்த இளைஞர்கள் யாரும் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. நான் கழற்றியதில்லை என்றாலும் பார்த்திருக்கிறேன். நட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. பின்னின் நுனியும் நட்டின் முகமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்தி நிறுத்த வேண்டும், அடி மரையில் விழாமலிருக்க. கிராங்குக்குக் கீழே தரையிலிருந்து ஒரு குழாயை முட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரே அடி. இடப்பக்கத்தில் எனக்கு அந்த ஒரே அடிக்குத் தைரியம் வரவில்லை. தட்டித் தட்டிப் பார்த்தேன். நுனி காளான்போலச் சப்பிப்போய், கடைசியில் துளைபோட்டு எடுக்க வேண்டியதாயிற்று. வலப்பக்கத்துக்கு வந்தபோது கோபம் வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டேன். பின் ‘டக்’கென்று கீழே விழுந்து தரையில் உருண்டது. அதை இப்போதும் மேசையில் வைத்திருக்கிறேன்.

கிராங்க் வந்துவிட்டால், அதன் ஆக்சிலைத் தாங்கும் பி.பி. கப்பைத் திறந்து பார்க்காமல் மூடுவது பாவம். உள்ளே கிரீஸ் கருப்பட்டியாக இறுகியிருந்தது. புதிய பி.பி. போட்டுவிடலாம் என்று பார்த்தால், ஊர் உலகமெல்லாம் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது, நாட்டிங்காமில் அந்தக் காலத்தில் தங்களுக்கென்று 26 மரை வைத்திருந்தார்கள். கடையில் கிடைப்பது எதுவும் ஏறாது. நல்லவேளை, பழைய கப்புகள் தேயாமல் பளபளவென்றே இருந்தன. மண்ணெண்ணெயில் கழுவினேன். வலப்பக்கக் கப்பு இடது மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமலிருக்க அப்படி. இது தெரியாமல் எதிர்ப்பக்கமாகத் திருகி அதை மேலும் இறுக்குகிறவர்கள் உண்டு என்று பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எச்சரித்தார். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கால் அங்குலப் பால்ரஸ் வாங்கி, புது கிரீஸில் ஒவ்வொன்றாக, கேசரியில் முந்திரி பதிப்பதுபோலப் பதித்தேன். இரவு பத்து மணிக்கு ஆக்சிலை விரலால் சுழற்றினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. அன்று நான் எழுத வேண்டிய ஆய்வறிக்கை அத்தியாயம் ஒன்று இருந்தது.

பெரிய 52 செயின்வீல் கிராங்கோடு சேர்த்து அடித்துப் பொருத்தியது. அதைத் தனியாகக் கழற்ற வழியில்லை. உள்ளே இருக்கும் 40-தான் எனக்கு வேண்டியது. சரி, பெரியது வெளியே சும்மா சுற்றிக்கொண்டிருக்கட்டும், பேன்டில் கறை படாமல் செயின் கவர் மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பெரியவர் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் செய்தித்தாளில் சுற்றி ஒரு பின்சக்கர ஹப் கொண்டுவந்தார். ஸ்டர்மி-ஆர்ச்சர், மூன்று கியர். 1902-லிருந்து இதே ஊரில் ராலிக்காரர்கள் செய்த சரக்கு. கியர் எல்லாம் ஹப்பின் வயிற்றுக்குள். வெளியே ஒரு சின்னச் சங்கிலி மட்டும் எட்டிப் பார்க்கும். நடுக் கியர் நேர். கீழ்க் கியரில் சக்கரம் முக்கால் பங்கு சுற்றும். மேல் கியரில் ஒன்றேகால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம். எளிமைதான் வேண்டுமென்றால் இதைப் போட்டுக்கொள், டெர்பி சாலையில் ஏறும்போது என்னை நினைத்துக்கொள்வாய் என்றார். வேண்டாம் என்றேன். அவர் சொன்னது சரி. அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் என் வலது முழங்காலுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

டெர்பி சாலை லென்டனிலிருந்து கேனிங் சர்க்கஸ் சந்திப்பு வரை ஏறுகிறது. மலையொன்றும் கிடையாது. ஆனால் அம்பத்தூர்க்காரிக்கு ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டியதெல்லாம் மலைதான். புது பிரீவீலும் புதுச் செயினும் போட்ட முதல் நாள், எழுந்து நின்று மிதித்தேன். பாதி ஏற்றத்தில் கால் திடீரென்று காற்றில் இறங்கியது. முழங்கால் ஹேண்டில் கழுத்தில் மோதியது. நான் நடைபாதையில், வண்டி என்மேல். செயின் 40-ன் உள்பக்கமாக நழுவி ஃபிரேமுக்கும் பல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் நிறுத்தி, நலமா என்று கேட்டார். நலம் என்றேன். நலமில்லை.

பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன்செயின்வீல் 41 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. பின்னால் பல்சக்கரம் 35. ஐந்து பல்சக்கரம் உட்கார்ந்த இடத்தில் ஒன்றே ஒன்றைப் போட்டால் அது ஹப்பை ஒட்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. செயின் ஆறு மில்லிமீட்டர் கோணலாக ஓடியிருக்கிறது. சரிசெய்யும் வழி புரிந்தது: ஆக்சிலின் வலப்பக்கத்திலிருந்து ஆறு மில்லிமீட்டர் வாஷர்களை எடுத்து இடப்பக்கம் போட்டால் ஹப் வலப்பக்கம் நகரும். ஆனால் ஹப்போடு ரிம்மும் நகர்ந்து பிரேக் கட்டையில் உரசும். ரிம்மை மட்டும் ஆறு மில்லிமீட்டர் திருப்பி இழுக்க வேண்டும். அதாவது, 36 கம்பிகளையும் தளர்த்தி இறுக்கி, சக்கரத்தைப் புதிதாக நேராக்க வேண்டும்.

போன் போட்டேன். நாட்டிங்காமில் மாலை நான்கு, அம்பத்தூரில் இரவு ஒன்பதரை. முழங்கால் சமாச்சாரத்தைச் சொல்லவில்லை.

“பின்சக்கரத்துக்கு 36 கம்பிதானா? நாப்பது இல்லியா?”

“இல்லப்பா, 36.”

“வலப்பக்கம் இறுக்கமா இருக்கும், இடப்பக்கம் தொளதொளன்னு இருக்குமே. அந்த அஞ்சு பல்லுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கான், அதான். நிப்பிள் சாவி வெச்சிருக்கியா?”

வைத்திருந்தேன். பட்டறையில் இரவல் வாங்கியது. வாஷரை மாற்றிப் போட்டு, வண்டியைச் சமையலறைத் தரையில் பேப்பர் விரித்துத் தலைகீழாக நிறுத்தினேன். பிரேக் கட்டைதான் அளவுகோல். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பால் டப்பா மேல் வைத்தேன். வால்வு ஓட்டையிலிருந்து ஆரம்பி என்றார். எங்கே ஆரம்பித்தோம் என்று மறந்தால் சக்கரம் முழுக்கக் குழம்பிவிடும். இடப்பக்கத்துப் பதினெட்டையும் அரைச் சுற்று இறுக்கு. வலப்பக்கத்துப் பதினெட்டையும் அரைச் சுற்று தளர்த்து. அவசரப்பட்டு ஒரே இடத்தில் முழுச் சுற்று வைக்காதே. ஒரு வட்டம் முடிந்ததும் சுழற்றிப் பார். மறுபடி ஒரு வட்டம்.

மூன்றாவது வட்டத்தில் ரிம் நடுவுக்கு வந்துவிட்டது. ஆனால் பாம்பு மாதிரி நெளிந்தது.

“கம்பியைச் சுண்டு” என்றார்.

“என்னப்பா?”

“விரலால சுண்டு. போனைக் கிட்டக் கொண்டா. ஒவ்வொண்ணா.”

இடப்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுண்டிக்கொண்டே வந்தேன். டிங். டிங். டிங். அம்பத்தூரிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் அம்மா டீவியை நிறுத்துவதும் கேட்டது. டிங். டிங். டொப்.

“அது. அது செத்துக் கெடக்கு. கால் சுத்து. இப்பச் சுண்டு.”

டங்.

“இன்னும் கொஞ்சம்.”

டிங்.

“ம். அடுத்தது.”

நாற்பது நிமிடம் ஆயிற்று. நடுவில் கார்டு தீர்ந்து, இன்னொரு கார்டைச் சுரண்டினேன். எந்தக் கம்பி மந்தம், எது அளவுக்கு மீறி விறைப்பு என்று நான் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குள் அவர் காதால் கேட்டுச் சொன்னார். கடைசியில் ஒரு சோதனை சொல்லித்தந்தார்: சக்கரத்தைக் கழற்றி, இடது வலதாகத் திருப்பி மாட்டிப் பார். ரிம் அதே இடத்தில் நின்றால் சக்கரம் நடுவில் இருக்கிறது. மாட்டிப் பார்த்தேன். அதே இடம். இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம். ஐந்து பல்சக்கரம் இருந்த காலத்தில் அந்தச் சக்கரத்துக்கு அது கிடைத்திருக்காது. “இனிமே கம்பி சுலபத்துல உடையாது” என்றார். அப்புறம், “பல்லு எத்தனை போட்டிருக்கே?” என்று கேட்டார். முன்னாடி நாற்பது, பின்னாடி பதினாறு என்றேன்.

மறுநாள் காலை, எனக்கு அது விடியாத இரவு, மிஸ்டு கால் வந்திருந்தது. கூப்பிட்டேன். டார்ச் எடுத்துக்கொண்டு போய்த் தன் ஹெர்குலிஸின் பல்லை எண்ணிப் பார்த்தாராம். முன்னால் 44, பின்னால் 18. சக்கரம் 28. படுக்கையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். 68.4. என்னுடையது 67.5. மிதி ஒரு முழுச் சுற்றுக்கு அவர் வண்டி ஐந்து மீட்டர் 46 சென்டிமீட்டர் போகும். என் வண்டி ஐந்து மீட்டர் 39. ஏழே சென்டிமீட்டர் வித்தியாசம். பார் மேல் சின்ன சீட் போட்டு என்னை உட்காரவைத்துப் பால்வாடிக்குக் கொண்டுபோனது, நான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்துக் கற்றுக்கொண்டது, எல்லாம் அந்த 68-ல்தான். மூன்று வாரம் கணக்குப் போட்டு, முழங்காலை உடைத்து நான் வந்து சேர்ந்த இடம் அது.

“நான் சொன்னேன்ல” என்றார் அப்பா.

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அதிலேயே ஓட்டினேன். சமதரையில் அருமையான வண்டி. எதிர்காற்றில் மட்டும் கெட்ட வார்த்தை வரும். மழை நாளில் எஃகு ரிம்மில் பிரேக் பிடிக்க இரண்டு வீட்டுக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். கேனிங் சர்க்கஸ் ஏற்றத்தைப் பல நாள் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். தள்ளும்போதெல்லாம் பெரியவரின் மூன்று கியர் நினைவுக்கு வந்தது. இறங்கித் தள்ளுவதில் வெட்கமே படாத ஊர்க்காரி நான் என்பதால் சமாளித்தேன். ஆராய்ச்சிக்கூடத்து மூன்று பேரும் அடுத்த வருஷம் கியர் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள்.

2011 கோடையில் அம்மாவும் அப்பாவும் பட்டமளிப்புக்கு வந்தார்கள். வந்த மறுநாள் காலை அப்பா என் வீட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டுக் காதைக் கிட்ட வைத்தார். ஒரே ஒரு கம்பியைச் சுண்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இருவருக்கும் பொது மொழி என்று பத்துச் சொல் தேறும், அதில் எட்டு சைக்கிள் பாகங்களின் பெயர். கப், ஆக்சில், போர்க், ரிம் என்று சொல்லிச் சொல்லி, விரலால் காட்டிக் காட்டி, அரைமணி நேரம் பேசினார்கள்.

கால்வாய்க் கரையில் அப்பாவை ஓட்டச் சொன்னேன். இடது காலை மிதியில் வைத்து, வலது காலால் தரையை நாலு தடவை உந்தி, ஓடுகிற வண்டியில் காலைத் தூக்கிப்போட்டு ஏறினார். நாட்டிங்காமில் அப்படி ஏறுகிறவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாய் கூட்டிவந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். வளைந்த ஹேண்டிலின் கீழ்ப்பிடிக்குக் குனியவில்லை. மேல்பட்டையைப் பிடித்துக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, பீஸ்டன் மதகுப் பக்கமாகப் போய் மறைந்தார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார். செயின் கவராக இருக்கட்டும் என்று நான் விட்டுவைத்த 52 பல், அவருடைய புதுப் பேன்டின் ஓரத்தைக் கவ்வி, ஒரு சாண் கிழித்திருந்தது.

“எதுக்கும்மா இந்தப் பல்லு? ஒரு வேலையும் செய்யலியே.”

மறுநாள் பெரியவரிடம் அரம் கேட்டு வாங்கினார். கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாக ராவத் தொடங்கினார். எஃகு. ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். நாளைக்கு ஆறு, ஏழு என்று, பட்டமளிப்பு நாள் போக மிச்சமெல்லாம் ராவினார். ராவி முடித்த பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அதன்மேல் சாக்பீஸில் ஒரு புள்ளி வைப்பார். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், டீ எடுத்துக்கொண்டு போய் எத்தனை முடிந்தது என்று கேட்டேன். நாற்பத்தொன்று என்றார். ஸ்டூலுக்குக் கீழே இரும்புத்தூள் சாம்பலாகக் குவிந்திருந்தது.

“விடுங்கப்பா, மீதியை நான் பண்ணிக்கறேன். அரத்தைக் குடுங்க.”

அரத்தைத் தரவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு டீயை வாங்கினார். இன்னொரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். சாயங்கால வெளிச்சம் கொட்டகைக்குள் குறைந்துகொண்டிருந்தது. உள்ளே போய் டார்ச் எடுத்து வந்து, நாற்பத்திரண்டாவது பல்லுக்குப் பிடித்தேன்.